சீட்டு

ஸ்டார்வின்,
பேரம் பேசி ஐநூறு குறைத்துவிட்டாய்.
போகட்டும்.
பையின் வெளி ஜிப்பில் இந்தச் சீட்டை வைத்திருக்கிறேன்,
படித்துவிட்டுத் திருகாணியைத் தொடு.

முதலில் கழுத்து.
பணகுடிக் காற்றில் ஏழு வருஷம் கிடந்த மரம்.
ஆனியில் கணவாய்க் காற்று சாரலோடு வந்தால்
ஈரம் குடித்து முன்னால் வளையும்,
கம்பி உயர்ந்து விரலை அறுக்கும்.
சித்திரையில் காய்ந்து பின்னால் சாயும்,
அப்போது மூன்றாம் ஃப்ரெட்டில்
தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி இரையும்.
முதல் ஃப்ரெட்டையும் கடைசியையும் அழுத்திக்கொண்டு
ஏழாவதில் இடைவெளி பார்.
கல்யாணப் பத்திரிகை அட்டை நுழைந்தால் சரி,
ரேஷன் கார்டே நுழைந்தால் வளைவு அதிகம்.
கம்பியைத் தளர்த்து. ஆலன் சாவியை வலப்பக்கம்
கால் சுற்று.
கால்தான்.
எண்பது மீட்டர் உயரத்தில், காற்றாலைக்குள்,
நான் இறுக்கும் போல்ட்டுக்கு
ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், போதும் என்று.
இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.
திருகிவிட்டுப் போய்த் தூங்கு.
மரம் ராத்திரிதான் முடிவெடுக்கும்.

சுருதி கூட்டும்போது ஜி கம்பி 'டிங்' என்று துள்ளினால்
கம்பியைத் திட்டாதே.
நட்டுப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்.

வால்யூம் குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடி.
தேங்காய் எண்ணெய் விடாதே.
நான் விட்டேன்.
கரகரப்பு நின்றது, எறும்பு வந்தது.
ஒரு வாரம் கிட்டாருக்குள் ஊர்வலம்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தும் சுரமும்
அதே இடத்தில் தொட்டு விடும் மணிச் சுரமும்
ஒன்றாக இருக்க வேண்டும்.
அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ளு,
இறங்கி நின்றால் முன்னால்.
புதுக் கம்பி போட்டுவிட்டுப் பார்,
துருப்பிடித்த கம்பி பொய் சொல்லும்.

இனி இரைச்சல்.
கம்பியைத் தொட்டதும் அடங்கினால் கிட்டார் மேல் குற்றமில்லை.
தொட்டும் அடங்காவிட்டால்
பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் விட்டிருக்கும், சூடு வை.
மூன்று தடவை இதைப் பிரித்துப் போட்டவன் சொல்கிறேன்:
கடைசியில் குற்றம் என் வீட்டு எர்த்தில் இருந்தது.
முருங்கைக்கு அடியில், உப்பும் கரியும் போட்ட குழி,
காய்ந்து வெடித்துக் கிடந்தது.
ரெண்டு குடம் ஊற்றினேன்.
எதிர்வீட்டு மெர்லின் அக்கா கேட்டாள்,
"குடிக்கவே தண்ணி வரல, யாருக்கு ஊத்துத?"
கிட்டாருக்கு என்றேன்.
அன்றிலிருந்து என் பேச்சை அவள் பெரிதாக எடுப்பதில்லை.

எர்த் இல்லாத மேடையில் மட்டும் ஏறாதே.
அசனத்துப் பந்தலில் ஒருமுறை
மைக்கில் உதடு பட்டது, பொறி பறந்தது,
பாட்டில் அடுத்த வரி ஆமென் ஆகிவிட்டது.

ஸ்விட்சை நடுவில் வைத்தால்
சத்தம் மெலிந்து மூக்கால் பேசும்.
ஒரு பிக்கப்பின் ஒயரை மாற்றிச் சூடு வைத்துவிட்டேன்.
திருத்தலாம் என்றுதான் நினைத்தேன்,
அதற்குள் பிடித்துப்போயிற்று.
உனக்குப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்.

ஐநூறு குறைத்ததற்காக
இதைச் சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன்:
சேடில்களை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாக இருந்தது.
கழுத்து உட்காரும் குழியில், பின்பக்கம்,
எட்டாக மடித்து ஒரு பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன்.
அதனால்தான் கம்பி இவ்வளவு தாழ்ந்து நிற்கிறது.
வள்ளியூர் – திருநெல்வேலி. பெரியவர் 2.
மெஷின் டிக்கெட், எழுத்து இந்நேரம் மங்கியிருக்கும்.
ஏன் விற்கிறாய் என்று கேட்டாய்,
சுவரில் இடமில்லை என்றேன்.

என்றாவது கழுத்தைக் கழற்றினால்
நாலு திருகாணியையும் குறுக்குக் குறுக்காக இறுக்கு,
காற்றாலையிலும் அப்படித்தான்.
டிக்கெட்டைத் தூக்கிப் போடுவதென்றால் போடு.
வேறு எந்தக் காகிதம் வைத்தாலும் கம்பிக்குத் தெரியாது,
கனம் மட்டும் சரியாக இருக்கட்டும்.